நேர்ச்சை முட்டை

அப்பா கோழிப் பண்ணை வைக்கப் போகிறேன் என்று சொன்ன அன்று நான் கோபத்தில் சாப்பிடாமல் படுத்துவிட்டேன். சேலம் ஜங்ஷனில் சரக்கு ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தவர். மடிப்புக் கலையாத சட்டையும் பாக்கெட்டில் பேனாவுமாகப் போய் வந்த மனிதர், ஓய்வு பெற்ற கையோடு ராசிபுரம் தாண்டி நாமக்கல் போகிற பஸ் பாதையில் கொஞ்சம் மேட்டு நிலம் வாங்கினார். ஓலைக் கொட்டகை போட்டு, தரையில் கடலைத் தோல் பரப்பி, வெள்ளைக் கோழிகளைக் கொண்டுவந்து அடைத்தார். அறுபதுகளின் முதல் பாதி அது. இன்று அந்தப் பக்கம் போனால் கோழிக் கொட்டகையாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு எங்களுடையது ஒன்றே ஒன்று. ஊரே வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தது.

"ஏனுங்க, சேவலே இல்லீங்களே. அப்பறம் எப்படீங்க முட்டை உடுது?" என்று யாராவது கேட்பார்கள். அப்பா சலிக்காமல் விளக்கம் சொல்வார். சேவல் இல்லாமலே பெட்டை முட்டை விடும், குஞ்சு பொரிக்காது, சைவக்காரர்கள்கூடச் சாப்பிடலாம் என்று பெரிய பிரசங்கமே நடக்கும். எனக்குப் பத்தொன்பது வயது. கன்னியாஸ்திரிகளிடம் படித்து எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தேன், வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேவலைப் பற்றியும் பெட்டையைப் பற்றியும் பெற்ற தகப்பன் நடுரோட்டில் பேசுவதைக் கேட்டுக்கொண்டு எந்தப் பெண் நிற்பாள்? உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எனக்கு முன்னால் முழந்தாளில் இருக்கிறவள் மூக்கை உறிஞ்சினால் போதும், என் மேல் கோழி நாற்றம் அடிக்கிறது என்றே நினைப்பேன்.

அதெல்லாம் வெட்கம் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். நிஜமான வெட்கம் எப்படியிருக்கும் என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் அப்பா யோக்கியமானவர். விரிசல் விட்ட முட்டையை நல்ல முட்டையோடு கலக்க மாட்டார். சேலத்து ரொட்டிக் கடைக்குக் கூடையில் தவிடு போட்டு அடுக்கி பஸ்ஸில் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் வெயிலுக்குக் காட்டிப் பார்ப்பார். அதனால்தான் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று. திருடனாக இருந்திருந்தால் அன்றைக்கே திட்டித் தீர்த்திருப்பேன்.

அந்த வருடம் கோடை முடிகிற சமயத்தில் கோழிகளுக்குச் சளி பிடித்தது. முகம் வீங்கி, கண் மூடி, மூக்கில் நீர் ஒழுகிக்கொண்டு மூலைக்கு மூலை ஒடுங்கி நின்றன. கொட்டகைக்குள் நுழைந்தால் கெட்ட வாடை. முட்டை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. அப்பா பதறிப்போய் மாட்டு டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கோழிக்கு டாக்டர் வருகிறார் என்பதே ஊரில் ஒரு வாரத்துக்குச் சிரிப்பாக இருந்தது.

டாக்டர் ஒரு டப்பாப் பொடியைக் கொடுத்துவிட்டு எங்கள் மூன்று பேரையும் நிற்க வைத்துச் சொன்னார். நாங்கள் மூன்று பேர்தான் வீட்டில்: அப்பா, அம்மா, நான்.

"தண்ணீல கலக்கிக் குடிக்க வைங்க. இது பென்சிலின். மனுசனுக்கு ஊசி போடறாங்களே, அதே சரக்குதான். கோழிக்குள்ள போறது முட்டைக்குள்ளயும் போகும். மருந்து குடுக்கற வரைக்கும், நிறுத்தினதுக்கு அப்பறம் பத்துப் பன்னண்டு நாளைக்கும், ஒரு முட்டை வெளிய போகக் கூடாது. எல்லாருக்கும் ஒண்ணும் பண்ணாது. சேராத ஒடம்பா இருந்துச்சுன்னா ஆளையே கொண்டுபோயிரும்."

அப்பா தலையாட்டினார். சொன்னபடியே செய்தார். விடியும் முன்பே எழுந்து, கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டி முட்டைகளைப் போட்டு மூடினார். ஆனால் ஒருவரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம், "கோழி முட்டை உடறதில்லீங்க, வெயில் பாருங்க" என்றார். ஏன் பொய் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"மருந்துக் கோழின்னு ஒரு தடவை பேரு வந்துருச்சுன்னா, சேலம் வரைக்கும் நம்ம முட்டையை நாய்கூட மோந்து பாக்காது அம்முணி" என்றார். சரிதானே என்று எனக்கும் பட்டது. கெட்ட முட்டையைப் புதைத்துவிட்டு ஒரு சின்னப் பொய் சொல்வதில் யாருக்கு என்ன நஷ்டம்?

இதற்கிடையில் அம்மா நேர்ந்துகொண்டுவிட்டாள். கோழிகள் பிழைத்து எழுந்தால், எழுந்ததும் முதலில் விடுகிற முட்டை ஒரு கூடை அந்தோணியாருக்கு என்று. கோழிகளும் எழுந்துவிட்டன. மருந்தால் எழுந்தன என்று அப்பா சொன்னார், அந்தோணியாரால் எழுந்தன என்று அம்மா சொன்னாள். மருந்தை நிறுத்தி ஒரு வாரம்கூட ஆகவில்லை, அந்தோணியார் திருநாள் வந்துவிட்டது.

"அது மருந்து முட்டையாச்சே" என்று அப்பா இழுத்தார்.

"நேந்துக்கிட்டதை மாத்தறதுக்கு நான் என்ன விளையாட்டுக்கா நேந்துக்கிட்டேன்? சாமியாரு தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்சதுக்கப்பறம் மருந்தாவது மண்ணாவது! அந்தோணியாருக்கு மேலயாங்க உங்க டப்பா?" என்றாள் அம்மா.

அப்பா யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் பங்குக் கோயிலில் நேர்ச்சைப் பொருள்களைத் திருநாள் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஏலம் விடுவார்கள். ஆடு, கோழி, பூசணிக்காய், தறிக்காரர்கள் கொடுக்கிற துண்டு, எல்லாம் வரும். கொடுத்தவரே கூடுதல் விலை கேட்டுத் தன் பொருளை எடுத்துக்கொள்வதும் உண்டு. அது பெருமைதான், யாரும் தப்பாகப் பேச மாட்டார்கள். "நாமளே ஏலத்துல எடுத்துருவோம். உங்கம்மா நேர்ச்சையும் தீரும். கொண்டாந்து பொதைச்சுருவோம்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் தோன்றியது. பாவி, கூடையைப் பூவெல்லாம் சுற்றி அலங்காரம் செய்தது நான்தான்.

இந்த இடத்தில் என்னோடு படித்த ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தறிக்கார வீட்டுப் பெண். தகப்பன் இல்லை. அவள் அம்மா தறியில் உட்கார்ந்து நெய்துதான் அவளை வளர்த்தார். பள்ளியில் படிக்கும்போது அவளுக்குக் காலில் ஆணி ஏறி, மிஷன் மருந்தகத்தில் பென்சிலின் ஊசி போட்டார்கள். போட்டுக்கொண்டு பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை, அப்படியே சரிந்துவிட்டாள். உதடு நீலமாகிவிட்டது. சாமியார் ஓடி வந்து அவஸ்தை பூசிவிட்டார், சாகப் போகிறவர்களுக்குப் பூசுகிற எண்ணெய். எப்படியோ பிழைத்தாள். அன்றிலிருந்து பல் வலிக்குப் போனாலும் அவள் அம்மா முதலில் சொல்லுகிற வார்த்தை, "என்ற புள்ளைக்குப் பென்சிலின் ஆகாதுங்க" என்பதுதான். எங்கள் பங்கில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் இது. அவளோ, "எனக்கு அவஸ்தை பூசியாச்சு, இனி நான் என்ன சேட்டை பண்ணினாலும் மோட்சந்தான்டி" என்று சொல்லித் திரிவாள். குமாரபாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள்.

திருநாள் பூசை முடிந்தது. சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். சாமியாருக்குத் துணையாகக் கோயில் காரியம் பார்க்கிற உபதேசியார் வேப்பமரத்தடியில் பெஞ்சு மேல் ஏறி நின்று ஏலத்தைத் தொடங்கினார். நல்ல தொண்டை அவருக்கு, கேலியும் கிண்டலும் சரளமாக வரும். எங்கள் கூடை வந்ததும் அப்பா முதல் விலை கேட்டார். அரிசி மில்லுக்காரர் ஒருவர் கொஞ்சம் ஏற்றினார். அப்பா ஏற்றினார். மில்லுக்காரர் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். ஒரு தரம் என்றார் உபதேசியார்.

பின்னால் பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் விலையை ஏற்றியது. பெண்கள் ஏலம் கேட்பது அபூர்வம். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தறிக்காரம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்தில் என் சிநேகிதி, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

அப்பாவைப் பார்த்தேன். அவருக்கும் தெரிந்துவிட்டது. சட்டென்று விலையை ஏற்றினார். அந்தம்மாவும் ஏற்றினார். அப்பா மறுபடியும் ஏற்றினார். அந்தம்மா குரல் நடுங்கியது, ஆனாலும் ஏற்றினார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

"ஐயா!" என்றார் உபதேசியார். "உங்க பண்ணையில இல்லாத முட்டையாங்க? புள்ளைத்தாச்சி வாயில விழறதைப் போயிப் புடுங்கறீங்களே! உட்டுக் குடுங்க ஐயா!"

ஒரே சிரிப்பு. ஊரே சிரித்தது. அப்பாவின் காது இரண்டும் சிவந்துவிட்டன. இன்னும் ஒரு தடவை ஏற்றினால் ஏழை விதவையிடம் மல்லுக்கு நிற்கிறவர் என்று பெயர். ஏற்றாவிட்டால் என்ன என்பது எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரியும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'அது மருந்து முட்டை.' அவ்வளவுதான். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பா இரண்டு கையையும் கூப்பி, சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, ஒரு எட்டுப் பின்னால் வந்தார்.

கூட்டம் கைதட்டியது. சாமியார்கூடத் தட்டினார். தறிக்காரம்மா கூடையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக அப்பாவிடம் வந்து, "உங்க குடும்பம் நல்லாருக்கோணுமுங்க" என்று கண் கலங்கச் சொல்லிவிட்டுப் போனார். அப்பா அதையும் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தேன். அதற்கு முன் அப்பாவிடம் நான் குரல் உயர்த்திப் பேசியதே இல்லை.

"ஏனுங்கப்பா, அவளுக்கு ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா? தெரிஞ்சுதானே கை கூப்பினீங்க?"

"மருந்தைத்தான் நிறுத்தியாச்சே சாமி. அதுல என்ன இருக்கப் போகுது, துளியூண்டு..."

"பத்துப் பன்னண்டு நாளுன்னு டாக்டரு உங்க காதுல சொன்னாரா, என்ற காதுல சொன்னாரா?"

"கத்தாதே, ரோட்டுல ஆளு போகுது" என்றாள் அம்மா. எனக்கு வந்த ஆத்திரத்தில் கொட்டகைத் தண்ணீர்த் தொட்டியைக் காலால் உதைத்துக் கவிழ்த்தேன். "மந்திரிச்சா மருந்து போயிரும்னீங்களே, அப்பறம் எதுக்கு அங்க என்ற கையை அப்படி இறுக்கிப் புடிச்சீங்க?" என்று அவளையும் கேட்டேன். அம்மா அழ ஆரம்பித்தாள். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு, "வா, போய் மாத்திக் கேப்போம்" என்றார்.

மாற்றிக் கொடுக்க எங்களிடம் என்ன இருந்தது? கொட்டகையில் இருந்தது எல்லாம் அதே முட்டைதான். போகிற வழியில் நாலைந்து வீட்டில் ஏறி நாட்டு முட்டை வாங்கித் துண்டில் முடிந்துகொண்டார் அப்பா. வெள்ளை முட்டைதான் சுத்தம், தெருவில் மேய்கிற கோழி முட்டையில் என்ன சத்து இருக்கிறது என்று வேலியோரம் நின்று அத்தனை நாள் பிரசங்கம் பண்ணியவர். ஒரு வீட்டுக்காரி, "பண்ணைக்காரருக்கே முட்டைப் பஞ்சமுங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திருநாள் என்பதால் தறிக்காரத் தெருவில் தறிச் சத்தம் இல்லை. அந்தம்மா எங்களைக் கண்டதும் சேலைத் தலைப்பால் பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னார். காப்பி போடுகிறேன் என்றார். அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் துண்டை அவிழ்த்தார்.

"ஒண்ணுமில்லீங்கம்மா. அந்தக் கூடையில இருக்கறது கொஞ்சம் நாள்பட்ட முட்டைங்க. நாட்டு முட்டை கொண்டாந்திருக்கேன். மாத்திக்கலாமுங்க."

"தண்ணீல போட்டுப் பாத்தனுங்க. எல்லாம் முழுகிருச்சு. புது முட்டைதானுங்க" என்றார் அந்தம்மா.

பெற்ற தகப்பன் பொய்க்குப் பொய் தேடித் தடுமாறுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது போல் ஒரு கொடுமை வேறில்லை. "அது வந்துங்க, வேற ஒருத்தருக்குத் தர்றதா முன்னமே பேசி வெச்சிருந்தனுங்க. அங்க கூட்டத்துல சொல்ல முடியலீங்க..." என்றார்.

அந்தம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. நின்ற இடத்தில் அப்படியே நின்றார்.

"மில்லுக்காரருக்குங்களா? எங்க கைக்கு வந்ததுதான் உங்களுக்குப் பொறுக்கலீங்களா? எல்லாரு முன்னாடியும் உட்டுக் குடுத்து நல்ல பேரு வாங்கிட்டு, இப்ப ஊடு தேடி வந்து புடுங்கறீங்களே. அந்தோணியாருக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கறீங்களே ஐயா, உங்களுக்கே நல்லா இருக்குதுங்களா?"

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அப்போதும் சொல்லவில்லை. இன்னொரு பொய்க்கு அவர் உதடு அசைந்ததை நான் பார்த்தேன்.

உள்ளேயிருந்து என் சிநேகிதி கழுத்தைச் சொறிந்துகொண்டே வந்தாள். "வந்துட்டியாடி? அம்மா, என்னமோ எறும்பு கடிச்சாப்புல தடிச்சுத் தடிச்சு வருதும்மா" என்றாள். கழுத்திலும் கையிலும் சிவந்த தடிப்புகள். ஒரு கண்ணிமை வீங்கியிருந்தது.

"என்னடி சாப்பிட்டே?"

"பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் அம்மா குடுத்துச்சு. ஏன்டி?"

"மருந்துடி! கோழிக்குப் பென்சிலின் குடுத்தோம்! அந்த முட்டைடி அது!" என்று கத்தினேன். தெரு முழுக்கக் கேட்டது.

தறிக்காரம்மா எங்களைத் திட்டவில்லை. ஒரு சாபம் விடவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ரோட்டைப் பார்த்து ஓடினார். நானும் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா முன்னால் ஓடி நடுரோட்டில் நின்று நாமக்கல்லிலிருந்து சேலம் போகிற பஸ்ஸை மறித்தார். கண்டக்டர் முதலில் வைதார், அவள் முகத்தைப் பார்த்ததும் பின்சீட்டைக் காலி செய்யச் சொல்லி, வழியில் எங்கேயும் நிறுத்தாமல் ஓட்டச் சொன்னார். அவள் தலை என் மடியில் இருந்தது. உதடு தடித்து, மூச்சு இழுத்து இழுத்து வந்தது. அந்த நிலையிலும், "உங்க ஊட்டு முட்டை ருசியாத்தான்டி இருந்துச்சு" என்றாள். நான் அழுதேன். அவள் அம்மா எதிரே உட்கார்ந்து, மகளின் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, வாய்க்குள் 'அருள் நிறைந்த மரியே' மந்திரத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் இடம் இருந்தும் அவர் உட்காரவில்லை.

சேலத்து ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். தறிக்காரம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பாதான் சொல்ல வேண்டியிருந்தது. கோழி, சளி, பொடி, முட்டை, ஏலம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். டாக்டர் ஊசி போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டார். "விற்கக் கூடாதுன்னு சொல்லலையா?" என்றார். "சொன்னாங்க" என்றார் அப்பா.

பிழைத்துக்கொண்டாள். வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்தில்லை என்றார்கள். பிறகு நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது. அதைச் சொல்லிவிட்டால் கேட்கிறவர்களுக்கு நிம்மதியாக இருக்கும், எனக்கு இல்லை. ஏனென்றால் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வரும்போது டாக்டர் பொதுவாக ஒரு வார்த்தை சொன்னார். முட்டையால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, முட்டைக்குள் போகிற மருந்து கொஞ்சம்தான், வேறு எதாலும் வந்திருக்கலாம், ஆனாலும் இவளுக்கு அந்த ஆபத்து வரவே கூடாது என்றார். திரும்பி வருகிற பஸ்ஸில் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ராசிபுரத்தில் வண்டி நின்றபோது மெதுவாகச் சொன்னார்:

"பாத்தியா அம்முணி, முட்டையாலதான்னு டாக்டரே உறுதியாச் சொல்லலை."

எழுந்துபோய் வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். அந்த மனிதரின் மகள் என்று பஸ்ஸில் யாருக்கும் தெரியக் கூடாது என்று இருந்தது. முதுகுக்குப் பின்னால் அவர் இருமுவது கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து தறிக்காரம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்குள் ஊரெல்லாம் சேதி பரவியிருந்தது. ரொட்டிக் கடைக்காரர் முட்டை வேண்டாமென்று சொல்லியனுப்பிவிட்டார். ஊரைக் கூட்டிக்கொண்டு வந்து நாலு கேள்வி கேட்கப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். கேட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர் தனியாக வந்தார். இடுப்பில் எங்கள் கூடை. நான் சுற்றிய பூ வாடிப்போய் அப்படியே இருந்தது.

அப்பா எழுந்து நின்றார். அம்மா கதவோரம் நின்றாள்.

"உக்காருங்கம்மா" என்றார் அப்பா.

"இல்லீங்க, புள்ளை தனியா இருக்குது" என்று சொல்லிக் கூடையைக் கீழே வைத்தார். "மிச்ச முட்டைங்க இது. சாமியாரு மந்திரிச்ச பொருளு. குப்பையில போடறதுக்கு மனசு வரலீங்க. நாய் நரி தோண்டுமுன்னு பொதைக்கவும் பயமா இருந்துச்சு. உங்களுக்கெல்லாம் ஒடம்புக்குச் சேருமில்லீங்க. நீங்களே சாப்புட்டுருங்க."

குத்திக் காட்டுகிற குரல் இல்லை அது. அப்படி இருந்திருந்தால் பதிலுக்கு நாங்களும் எதையாவது சொல்லியிருப்போம். மந்திரித்த பொருளை என்ன செய்வது என்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. எங்களுக்குத் தெரியும் என்று நினைத்து வந்திருந்தார்.

"இப்பவே ஒண்ணு வேக வை" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அம்மா வேக வைத்துக் கொண்டுவந்தாள். அப்பா உரித்தார். ஓட்டோடு வெள்ளைக்கருவும் பிய்ந்து வந்தது. உப்புக்கூடப் போட்டுக்கொள்ளாமல் தின்றார். மஞ்சள்கரு தொண்டையில் அடைத்துக்கொண்டது. நான் தண்ணீர் எடுத்துவரவில்லை. அந்தம்மாதான் எங்கள் வீட்டுச் சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தார். அப்பா குடித்து முடிக்கும் வரை நின்று அவர் முகத்தையும் கழுத்தையும் உற்றுப் பார்த்தார்.

"ஒண்ணும் பண்ணலீங்களே ஐயா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றார் அப்பா.

"நல்லதுங்க. அப்ப நான் வாரேனுங்க" என்று கிளம்பிப் போய்விட்டார்.

அந்தக் கூடை தீரும் மட்டும் நாங்கள் மூன்று பேரும் தினமும் தின்றோம். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தின்றோம். ஒவ்வொரு நாளும் சாப்பிட்டுவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நின்று கழுத்தைத் தடவிப் பார்ப்பேன். ஒரு தடிப்பாவது வராதா என்று இருக்கும். ஒன்றுமே வரவில்லை.